பாலத்தைத் திறந்துவிட்டார்கள்

தங்கைக்கு,

அரசாங்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி, கடைசியில் பாலத்தையும் நம் தலையில் கட்டிவிட்டது. மூன்று ஆளுநர்கள் மூன்று முறை அடிக்கல் நட்டபோது, இது நடக்கிற காரியமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று புது ஆளுநர் வந்தார். நாங்கள் நீட்டிய பேரீச்சம்பழத்தைத் தின்று, பாலைக் குடித்து, நாடாவை வெட்டினார். அக்கரைக்குப் போகாமலேயே திரும்பிவிட்டார். அவருக்கென்ன, அக்கரையில் தங்கையா இருக்கிறாள்?

ஆறு வருஷமாகப் பெருநாள் இறைச்சியைக் கழுதைக்காரன் பஸ்ஸுவிடம் கொடுத்து, "ஆத்துல வெள்ளம், இல்லேன்னா நானே வந்திருப்பேன்" என்று சொல்லச் சொல்கிறேன். நீயும் அதையேதான் சொல்லி அனுப்புகிறாய். அட்லஸ் மலையில் உருகப் பனியே இல்லாத ஆகஸ்டிலும் அதே வெள்ளம்!

இன்று பஸ்ஸு வாசலில் நின்று கத்துகிறான்: "அக்கா, பாலத்துல லாரியே போகுது. இனிமே என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? உங்க ரெண்டு பேர் பொய்யையும் சுமந்தே என் கழுதைக்கு முதுகு வளைஞ்சுபோச்சு!"

நாம் சண்டை போட்ட அம்மாவின் வெள்ளி வளையல் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை. நீயும் எடுக்காதே.

வெள்ளிக்கிழமை மதியம் கூஸ்கூஸ் தாம்பாளத்தோடு பாலத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பேன். நீ வராவிட்டால், இரண்டு ஊரும் பார்க்கத் தனியாகவே தின்பேன். அப்புறம் மானம் போச்சு என்று சொல்லி அனுப்பாதே. பஸ்ஸு வரமாட்டான், நீதான் வர வேண்டும்.

அக்கா