அரை விரல் கயிறு

9.6.86 திங்கள்

விடாத மழை. படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, உள்ளே குப்பி லாம்பு. அப்பா தூக்கத்தில் இருமும்வரை எழுதலாம். இருமல் நின்றால் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம். கொப்பியைக் கண்டால் அடுப்புதான்.

வகிட்டு சேர் இன்றும் பௌதிகப் பாடத்தை விட்டுவிட்டு நியூட்ரினோ. (நடு வகிடு. அடிமட்டம் வைத்து எடுப்பாராம், என் வகுப்புச் சியாமளா சொல்கிறாள்.) யாரோ சிநேகிதர் வெளிநாட்டுச் சஞ்சிகை அனுப்பியதிலிருந்து இந்தப் பைத்தியம்.

அவர் சொன்னது: சூரியனிலிருந்து நியூட்ரினோ என்ற துகள் கொட்டுகிறது. நம்மைத் துளைத்துப் போகிறது, தெரிவதில்லை. சுரங்கத்துக்குள் தொட்டி கட்டி எண்ணிப் பார்த்தால், வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. மிச்சம்? நியூட்ரினோ மூன்று வகை. வழியில் ஒன்று மற்றதாக மாறிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

இதுவரை சரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மூணும் அச்சா ஒண்ணு போல. அதனால சமமா பங்கு போட்டுக்குது. சமச்சீர்! இவ்வளவு அழகான விசயம் பொய்யா இருக்குமா?"

அழகாக இருந்தால் உண்மையாம். அப்படியென்றால் சியாமளா சொல்வதெல்லாம் உண்மை. மூன்றாவது வகையை இன்னும் யாரும் நேரில் பிடிக்கவே இல்லை. பார்க்காததை ஒன்று போல என்கிறார். பெண் பார்க்காமலே கல்யாணம்.

வெள்ளிக்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து ஆபிசர் வருகிறார். அவருக்குக் காட்ட மாதிரி செய்ய வேண்டும்.

10.6 செவ்வாய்

மழை. சப்பாத்து காயவில்லை.

மாதிரி: இரண்டு கயிற்றில் தொங்கும் ஒரு கம்பு. கம்பின் நடுவில் நெருக்கமாக, மண் நிரப்பிய மூன்று டின்பால் டின்கள். ஒரே எடை, ஒரே நீளக் கயிறு. ஒன்றை ஆட்டிவிட்டால் கம்பு வழியாக மற்ற இரண்டுக்கும் ஆட்டம் போகும். மூன்று டின் மூன்று நியூட்ரினோ. ஆட்டம் மூன்றில் ஒன்றாகப் பிரிந்து நிற்குமாம்.

நிற்கவில்லை. முதல் டின் தளர்ந்தது, ஆனால் ஓயவே இல்லை. மற்ற இரண்டும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்தே எழும்பின, சேர்ந்தே அடங்கின. ஆட்டம் முழுதும் முதல் டின்னுக்கே திரும்பிவிட்டது. ஐந்து முறை. ஐந்து முறையும்.

சேர் முகம் சிவந்து, "யாரு கைய வச்சது? ரீட்டா, நீயா?"

நான் பக்கத்திலேயே போகவில்லை.

அப்புறம் மூன்று பிள்ளைகள் நியூட்ரினோப் பேர் எழுதிய அட்டை பிடித்து நிற்க வேண்டுமாம். என்னை நிறுத்திப் பார்த்தார். மற்ற இருவருக்கும் தோள்வரைதான் வருகிறேன். "நீ பின்னால போ. வரிசை கெட்டுப்போகுது." சியாமளா என் இடத்துக்கு வந்தாள். "மனசுல வச்சுக்காதடி, குட்டை நியூட்ரினோன்னு ஒண்ணு கண்டுபுடிப்பாங்க." எல்லாரும் சிரித்தார்கள். சேரும்.

பயத்தை எழுதிவிடுகிறேன். அப்பா நேற்று அம்மாவிடம்: "மாசம் முடியட்டும். கண்டாக்கையாகிட்ட சொல்லி தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சிருவோம். பொம்பளப் புள்ள படிச்சது போதும்." பேர் பதிந்தால் விடியலில் பெரட்டுக் களத்தில் வரிசை, பிறகு தேயிலைக் கொழுந்து பறிப்பு. தடுக்க ஒரே ஒரு ஆள்தான். அந்த வகிடுதான். கேட்டேன். "வெள்ளிக்கிழம மாதிரி ஒழுங்கா ஓடட்டும். நானே வந்து ஒங்கப்பாகிட்ட பேசுறேன்" என்றார்.

என் தலையெழுத்து மூன்று டின்பால் டின்னில் தொங்குகிறது.

12.6 வியாழன்

இரண்டு நாளாகக் கணக்கு. வகுப்பில் தமிழ்ப் புத்தகத்துக்கு அடியில் ஒளித்துப் போட்டேன்.

மூன்றும் ஒன்றாக ஆடினால் கம்பு அசையும். மற்ற ஆட்டங்களில் கம்பு அசைவதில்லை, அவை எல்லாம் ஒரே வேகம். ஒரே வேகத்தில் போவது எப்போதும் சேர்ந்தே போகும், பிரியாது. கூட்டிப் பார்த்தால் முதல் டின்னுக்குச் சராசரியாக ஒன்பதில் ஐந்து பங்கு. பாதிக்கும் மேல்! மூன்றில் ஒன்று வரவே வராது. டின்கள் ஒன்று போல இருப்பதால்தான் வராது. சேரின் அழகே சேரைக் கவிழ்க்கிறது.

நடு டின் கயிற்றை மட்டும் கொஞ்சம் நீளமாக்கி அந்த ஒரே வேகத்தைப் பிரித்தால்? பதினெட்டில் ஏழு. மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட. மூன்று முறை சரிபார்த்தேன்.

அவரிடம் சொல்ல முடியுமா? தோட்டத்து லயத்துப் பிள்ளை, வரிசையைக் கெடுத்த பிள்ளை, சமச்சீர் பிழை என்று? அப்புறம் அப்பாவிடம் யார் பேசுவது?

பள்ளிக்கூடம் விட்டதும் ஆய்வுகூடம் கூட்டுகிறேன் என்று நின்றேன். நடு முடிச்சை அவிழ்த்து அரை விரல் இறக்கிக் கட்டினேன். இரண்டு முறை நழுவியது. காலையில் அவர் அடிமட்டத்தை எடுத்தால் தொலைந்தேன்.

மாதாவே, அவர் அளக்கக் கூடாது.

13.6 வெள்ளி

அளக்கவில்லை. ஆபிசர் ஒரு மணித்தியாலம் முன்னாலேயே வந்துவிட்டார்.

முதல் டின்னை ஆட்டினார்கள். தளர்ந்தது. மூன்றாவது எழும்பியது, பிறகு நடு டின். ஒவ்வொன்றும் தன் முறைக்கு வந்தது. ஆபிசர் கைதட்டி, "அட, மூணும் பங்கு போட்டுக்குதே!"

சேர்: "எல்லாம் ஒண்ணு போல இருக்கதால சேர். சமச்சீர்."

நான் பின்வரிசையில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அரை விரல் கோணல் கண்ணுக்கு முன்னால் ஆடுகிறது, மனிதர் அதற்கு நேர் எதிரான பெயர் சொல்கிறார். அட்டையோடு பின்னால் வந்து சியாமளா காதில்: "சேரோட மூளையே மூளைடி." ஆமாம்.

14.6 சனி

சேர் வந்தார். டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே. குடை மடங்கி, தொப்பலாக. வகிடு இல்லை. மயிர் எல்லாம் நெற்றியில்.

அம்மா பெஞ்சைச் சேலையால் துடைத்தாள். அப்பா உட்காரவே இல்லை.

"இந்தப் புள்ளைக்கு இப்ப பேர் பதியாதீங்க. பரீட்சை எழுதட்டும்."

"வீட்டு நெலம அப்படிங்க சேர்..."

"தெரியும். தெரிஞ்சுதான் நடந்து வந்தேன்."

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, "நீங்களே இவ்வளவு தூரம் வந்து சொல்லும்போது... சரிங்க சேர்." அம்மா உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

தண்ணீர்ப் பீலிவரை குடை பிடித்துக்கொண்டு போனேன். அங்கே நின்றார்.

"நடு டின்னு அரை விரல் கூட."

குடையை அவர் பக்கம் சாய்த்தேன்.

"ஆபிசர் போன பொறகு அளந்தேன். சரிபண்ணி ஆட்டுனேன், ஓடல. பழையபடி எறக்கிக் கட்டுனேன், ஓடிச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கு வெளங்கல." மழையில் முகத்தைத் துடைத்தார். "ஒனக்கு வெளங்கிச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப திங்கக்கிழம போர்டுல எழுதிக் காட்டு. எல்லாரும் இருக்கும்போது. நானும் பெஞ்சுல ஒக்காந்துக்கிறேன்."

போய்விட்டார். இந்த ஒரு வாரமாக எழுதியதை எல்லாம் திருப்பிப் படித்தேன். வகிட்டு சேர் என்பதை மட்டும் அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

திங்கள் முதல் பாடமே பௌதிகம். சியாமளா முன்வரிசை. போர்டின் மேல்பாதி எனக்கு எட்டாது. கீழ்ப்பாதியில் தொடங்கினால் ஒன்பதில் ஐந்து வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஸ்டூல் கேட்கலாமா? கேட்டால் சிரிப்பார்கள். கேட்கத்தான்

இருமல் நின்றுவிட்டது