ஊசியே தேவலப்பா

மாப்ளே,

இன்று காலை உன் அக்கா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்ததும் வீடெல்லாம் அந்த வாடை. எனக்கு முதலில் உன் ஞாபகம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. போய்ச் சேர்ந்தவன் மேல் பொறாமையா என்று கேட்காதே. நீ இருந்தபோது பட்டதன் மிச்சம்தான்.

பாப்பாவுக்கு ஆறு வயதில் சர்க்கரை என்றார்கள், தினமும் இன்சுலின். ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். நான் கெஞ்சக் கெஞ்ச இன்னும் உள்ளே நகர்வாள். நீ பொன்னமராவதியில் கடை திறக்கப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வருவாய். "கைய மட்டும் மாமாகிட்ட குடு, மத்ததெல்லாம் நீயே வச்சுக்க." ஒரு கை வெளியே வரும். ஏதோ முகாமில் கற்ற அக்குபிரஷர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையை அழுத்தி, "மூச்ச இழு… விடு" என்பாய். உன் அக்கா ஊசியைப் போட்டு எடுத்த பிறகு, "போட்டாச்சா?" என்பாள் பாப்பா.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி உனக்கு. தட்டுப் பிடிக்கிற வேலை எனக்கு. சரி, முறை. ஊசிக்குமா முறை?

நீ மதுரைக்குச் சரக்கெடுக்கப் போன அன்று நானே அழுத்தினேன். பத்தாவது அறிவியலில் முப்பத்தைந்து வாங்கியவனுக்கு இடம் தெரியுமா? "ஊசியே தேவலப்பா!" என்று அலறினாள். மறுநாள் அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு! அப்புறம் என் கையைப் பிடித்தாய். "மச்சான், ஒங்களுக்குத்தான் கை நடுங்குது" என்று அழுத்தினாய். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சுகமாக இருந்ததுதான் எரிச்சல்.

ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னை எடுத்த மறுநாளும் ஊசி நேரம் வந்தது. பாப்பா கட்டிலுக்கு அடியில். தொந்தியோடு நானும் தரையில் படுத்துக் கையை நீட்டினேன்.

"மாமா மாதிரி வராதுப்பா."

"வராதுதான்த்தா."

ரொம்ப நேரம் கழித்துக் கை வந்தது. என் கட்டைவிரலைப் பிடித்து அவளே நகர்த்தி வைத்தாள். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. நகத்த எடு. மொதல்ல நீ மூச்ச இழுப்பா."

அன்றிலிருந்து தினமும் அழுத்துகிறேன். தினமும் ஊசி இறங்கும்போது முகத்தைச் சுளிப்பாள். இன்று காலை பேசிக்கொண்டே இருந்தவள், நடுவில் நிறுத்தி, "போட்டாச்சா?" என்றாள்.

உன்னிடம் மட்டும் கேட்ட கேள்வி, மாப்ளே. பெருமையடிக்க உன்னைத்தான் தேடினேன். என் விரல் இருக்கும் இடம் நீ காட்டிய இடம்தான். அதில்தான் இன்னும் கொஞ்சம் எரிகிறது.