லிங்கசாமி கொடுத்த ஷெட்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே வெக்கை. காப்பகத்தில் இன்று முப்பது பிள்ளைகள். என் சின்னவள் அழாமல் போனாள். நெருப்பெரிச்சல் ஊர் பனியன் கம்பெனியில் தைக்கிற நாங்களே சங்கம் சேர்ந்து, பதிவு செய்து நடத்துகிற காப்பகம். ஷெட் மட்டும் முதலாளி லிங்கசாமி வாடகையில்லாமல் விட்டது.

மாலை, செக்கிங்கில் நிற்கும் பிரியங்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமில் அவள் மேல் கை வைத்திருக்கிறான். இது இரண்டாம் முறை.

“நீங்கதானக்கா செயலாளரு” என்றாள்.

ஜூன் 5

முதலாளியிடம் சொன்னேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“ஏனம்மணி, லாப நோக்கமில்லாத சேவைச் சங்கம்னுதானுங்க பதிவு பண்ணுனீங்க? புகாரு கிகாருன்னு போனா பதிவு ரத்தாயிருமுங்க. அப்பறம் என்ற ஷெட்டுல எப்படி இடங்குடுக்கறது?”

குரல் கொஞ்சமும் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 6

என் வீட்டுக்காரர் முனீஸுக்கும் லிங்கசாமியின் சாயப்பட்டறையில்தான் வேலை. “பேசாம இரு புள்ள. அத்தனை பிள்ளைகளையும் தெருவுல விடப் போறியா?”

சரிதானே? சொன்னா காப்பகம் போயிரும். சொல்லலைன்னா நான் எதுக்குச் செயலாளரு? எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலாளி சுவருதான் —

ஜூன் 8

பிரியங்கா வேலைக்கு வரவில்லை.

ஜூன் 10

பதிவுக்கு உதவிய வக்கீல் சாரதாமணியைப் பார்த்தேன். “லாபம் எடுக்கக் கூடாதுன்னுதானுங்க சட்டம். வாயே தொறக்கக் கூடாதுன்னு இல்லீங்க. ஆனா ஷெட்டு அவருது. காலி பண்ணச் சொன்னா பண்ணித்தான் ஆகோணும். நீங்க மட்டும் முடிவெடுக்காதீங்க, உறுப்பினர்களக் கூட்டுங்க.”

ஜூன் 16, ஞாயிறு

கூட்டம். யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்ல நினைத்திருந்தேன். பிரியங்காவே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புகார் கொடுத்தால் ஷெட் போகும் என்பதை நான் சொன்னேன். எல்லோரும் வேண்டாமென்று சொல்லிவிட்டால் தேவலை — ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

ராக்கம்மாளுக்குக் காப்பகத்தில் மூன்று பிள்ளைகள். அவள்தான் முதலில் எதிர்ப்பாள் என்றிருந்தேன்.

“பிள்ளைகள ஆளுக்குக் கொஞ்சமா வீட்டுல வச்சுக்கிருவோம் தாயி. நாளைக்கு எம்மகளும் இந்தக் கம்பெனிக்குத்தான வரணும்?” என்று கையைத் தூக்கினாள். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. நான்கு பேர் தூக்கவில்லை. நான் கடைசியாகத் தூக்கினேன்.

ஜூன் 18

கம்பெனியின் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம். மாலையில் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு. பாயும் தொட்டில்களும் வெளியே கிடந்தன.

ஜூன் 21

முனீஸை நாளையிலிருந்து வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நான் வைத்த சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 12

விசாரணை முடிந்தது. அந்த சூப்பர்வைசரை வேலையை விட்டு எடுக்கவில்லை. இதே கம்பெனியின் வீரபாண்டி யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதுக்கா இத்தனையும்? பிரியங்கா மட்டும் திரும்ப வேலைக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 19

பதினொரு பிள்ளைகள் எங்கள் ஒற்றை அறையில். கால் வைக்க இடமில்லை. வேறு வேலை கிடைக்காததால் பகலில் முனீஸ்தான் பார்த்துக்கொள்கிறார். சோறு ஊட்டுகிறார். என்னோடு இன்னும் அளந்துதான் பேச்சு.

இன்று மாலை இரண்டு பெண்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வீரபாண்டி யூனிட்டாம். வாசலிலேயே தயங்கி நின்றார்கள். முனீஸ் தொட்டிலை ஓரம் தள்ளி இடம் பண்ணிக்கொடுத்தார்.

“உங்க சங்கத்துல சேர என்னங்கக்கா பண்ணோணும்?” என்றாள் ஒருத்தி.

நான் முனீஸைப் பார்த்தேன். “பேசிக்கிட்டு இருங்க” என்று டீ வாங்கத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.