மேல்குளத்தில் விட்ட கெண்டை

ட்ரெபோன், டிசம்பர் 27

அன்புள்ள யார்மிலாவுக்கு,

கிறிஸ்துமஸ் விருந்தில் கேட்டாயே, "நோயே வராத மீன்கிட்ட என்ன அண்ணி பயம்?" என்று. என் தம்பி ராடிம்தான், "சாப்பிடுற நேரத்துல பாடம் வேணாம் அக்கா" என்று வாயை அடைத்துவிட்டான். இப்போது சொல்கிறேன்.

ஒரு வருடம் என் வகுப்பில் தொண்டை வலி பரவியது. முதல் வரிசை முழுக்கப் படுத்துவிட்டது. நடுவில் உட்கார்ந்த டிராஹொமீராவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பரிசோதித்தால் கிருமி அவள் தொண்டையிலும் இருந்தது. அவள் உடம்பு அதை அடக்கி வைத்திருந்தது, விரட்டவில்லை.

பழைய மீன்களெல்லாம் நோயில் செத்தபின் நீங்கள் கீழ்க்குளத்தில் விட்ட கலப்பினக் கெண்டையும் அப்படித்தான். அமூர் நதிக் காட்டுக் கெண்டையின் ரத்தம் இருப்பதால், அந்த நோயின் வைரஸ் தாக்கினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தபின் அதைச் சுமந்து திரியலாம். மேல்குளத்துக் கண்ணாடிக் கெண்டைகளுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. அதனால்தான் ராடிம் கீழ்க்குளத்து வாளியைக்கூட அங்கே கொண்டுபோவதில்லை.

அன்று இதை ஏன் இரண்டு தடவை கேட்டாய்?

அன்புடன்,
லுத்மிலா

ஜனவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் ஒளிக்க முடியவில்லை. விருந்துக்காகக் கீழ்க்குளத்துக் கெண்டை இரண்டைக் குளியல் தொட்டியில் விட்டிருந்தோம். ஒன்றை அவர் சமையலுக்கு அடித்தார். மற்றதற்கு நான் பெயரே வைத்துவிட்டேன். இங்கே எத்தனையோ பேர் செய்வதுபோல நானும் பாவம் பார்த்து வாளியில் தூக்கிப்போனேன். கீழ்க்குளத்தின் பனி மேல் ஊரே சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அதனால் யார் கண்ணிலும் படாமல் மேல்குளத்தில், மீன்களுக்குக் காற்று கிடைக்க அவர் வெட்டிவைத்த பனித்துளையில் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததாக அவரிடம் பொய் சொன்னேன்.

கீழ்க்குளத்து மீன்களெல்லாம் செத்த அந்தக் கோடை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. மேல்குளத்துத் தாய் மீன்கள்தான் அவருக்கு மிச்சம். கோடைக்குள் அந்த மீன் தானாகச் செத்துப்போகாதா?

யார்மிலா

ஜனவரி 11

அம்மாடி யார்மிலா,

சாகாது. சாகாமல் இருக்கத்தானே அதை வளர்க்கிறார்கள். ஆனால் குளிர்ந்த நீரில் அந்த நோய் அடங்கிக் கிடக்கும், நீர் சூடாகும்போதுதான் எழும். ஆகவே நேரம் இருக்கிறது. பனி உருகி, குளத்தை வடிக்க முடிகிற நேரம் வந்ததும் சொல்லிவிடு. பீர் குடித்து வரும் மாலையில் வேண்டாம். காலையில், அவன் ரொட்டி சாப்பிடும்போது சொல்.

லுத்மிலா

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எந்தக் குளம்?"

"மேல்குளம்."

"பக்கத்து வீட்டுக்குன்னியே?"

"பொய்ங்க."

எழுந்து வெளியே போய்விட்டார். அவ்வளவுதான், இன்னொரு ஊமைக் கோடை என்று நினைத்தேன். இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸோடு திரும்பி வந்தார். "வா, உன் செல்லத்தை நீயே வந்து பிடி. பேரு என்ன?"

"பெபீச்செக்."

"வெளங்கிடும்!" என்றார். ஆனாலும் சிரித்தார்.

இரண்டு பேருமாகக் குளத்தை வடித்தோம். கண்ணாடிக் கெண்டைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செதில். பெபீச்செக்குக்கோ உடம்பெல்லாம். உடனே அகப்பட்டுவிட்டது. மனிதருக்கு ஒட்டாத நோய்தானே என்று ராத்திரியே வறுத்தோம். எனக்கு இறங்கவில்லை, என் பங்கையும் அவரே தின்றார்.

தாய் மீன்களுக்குத் தொற்றிவிட்டதா என்றுதான் தெரியவில்லை. "அக்காவுக்கு எழுது" என்கிறார்.

யார்மிலா

மார்ச் 19

அன்புள்ள ராடிமுக்கும் யார்மிலாவுக்கும்,

தாய் மீனைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. நோய் காணாத பண்ணையிலிருந்து கண்ணாடிக் கெண்டைக் குஞ்சுகள் கொஞ்சம் வாங்குங்கள். தனித் தொட்டியில் உங்கள் தாய் மீன் இரண்டோடு விட்டு, ஜூன் மாதத்து நீர்போல மெல்லச் சூடாக்குங்கள்; தாய் மீன் நோயைச் சுமந்தால் குஞ்சுகளுக்கும் தொற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வலையும் வாளியும் வேறெங்கும் போகக்கூடாது. தினமும் காலையில் இருவரும் சேர்ந்து போய் அந்தக் குஞ்சுகளின் செவுள்களில் புண் வருகிறதா என்று பாருங்கள்.

லுத்மிலா