வசந்தாவின் பெயரில் ஐந்து தவறுகள்

புதுச்சேரி,
1961 நவம்பர் 16, வியாழக்கிழமை,
காலை மணி 6.40.

பொருள்: கூடைப்பந்தில் தவறு எது, மீறல் எது என்பதும், அது தெரியாமல் நான் உன் மகளுக்குச் செய்ததும்.

என் பிரியத்துக்குரிய மைத்துனன் தணிகாசலம்,

இன்றோடு நீ போய் ஓராண்டு ஆகிறது. சென்ற ஆண்டு இதே தேதி புதன்கிழமையாக இருந்தது; இவ்வாண்டு வியாழன். திதியை உன் அக்கா கமலம் பார்த்துக்கொள்கிறாள். எனக்குத் தேதிதான் கணக்கு. விடியற்காலையிலேயே எழுந்து வாழைப்பூ வடைக்குப் பருப்பை ஊறவைத்துவிட்டாள். ‘அவன் இருந்தா ஒன்ன எடுக்கும்போதே ரெண்டாவதுமேல கண்ண வச்சிருப்பான்’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன்பின் வெகுநேரம் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் பல இருக்கின்றன. உப்பளம் திடலில் மேற்குப் பக்கத்துக் கம்பத்துக்குப் புதுப் பலகை போட்டிருக்கிறார்கள். நெசவாலையில் உன் இடத்துக்கு வந்திருக்கும் மேஸ்திரிக்குக் கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாதாம். மாலையில் விசிலோடு கிளம்பும் மேஸ்திரி இனி அந்த ஆலைக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் இக்கடிதம் இவற்றுக்காக அன்று. உன் மகள் வசந்தாவுக்கு நான் ஓர் அநீதி செய்துவிட்டேன். அதை நீ என் கையெழுத்திலேயே அறிய வேண்டும்.

பதினேழு ஆண்டுகள் ஞாயிறுதோறும் மதிய உணவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். உப்புக் கிண்ணத்தைக் கூடையாகவும் ஊறுகாய் ஜாடியை எதிராளியாகவும் வைத்துக்கொண்டு எனக்கு ஆட்டத்தை விளக்கினாய். ‘மாமா, இது பவுல். இது பவுல் இல்ல, வெறும் வயலேஷன். ரெண்டும் ஒண்ணு இல்ல மாமா, கேட்டுக்கினீங்களா?’ என்பாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ‘உம்’ என்பேன். நான் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கும், இல்லையா? தெரிந்தும் அடுத்த ஞாயிறு மறுபடியும் ஜாடியை ஏன் நகர்த்தினாய்?

இவ்வாண்டு செப்டம்பர் 24, ஞாயிறு, வசந்தா வந்தாள். இப்போது அவள் முத்தியால்பேட்டைப் பெண்கள் அணியின் தலைவி. தட்டச்சுப் பயிற்சிக்குப் போகிறாள்; அது முடிந்ததும் நேரே திடலுக்குப் போகிறாள்.

‘மாமா, புள்ளி எழுதற அண்ணனுக்கு நெய்வேலியில வேல கெடச்சிடுச்சி. டேபிள்ல ஒக்கார ஆளில்ல. ஒங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீங்க வாங்களேன்’ என்றாள்.

முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிரெஃபியேயாக உட்கார்ந்து, ஒவ்வொரு வழக்கையும் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒரு பந்தாட்டத்தை எழுத முடியாதா? சம்மதித்தேன். புது அடிக்கோலும் சிவப்பு மையும் வாங்கினேன். கூடையில் விழுந்தால் இரண்டு, தனி எறிதல் விழுந்தால் ஒன்று என்று புள்ளிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதை யாரும் சொல்லவில்லை. ‘தணிகாசலம் ஆர்பித்ரோட மச்சான்’ என்றதும், நடுவர் வீட்டு மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு, மாலை 4.30 மணிக்கு உப்பளம் அணியோடு ஆட்டம். சனவரியில் சென்னையில் நடக்கவிருக்கும் போட்டிக்குப் பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுக்க மூவர் வந்து அமர்ந்திருந்தார்கள். வசந்தா அதுவரை விழுப்புரம் தாண்டிப் போனதில்லை. அவளைச் சென்னையில் ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்பது உன் ஆசை என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலூரிலிருந்து வந்த நடுவர் விசில் ஊதினார். சில வேளை ஆட்டக்காரியின் எண்ணை விரல்களால் மேசைக்குக் காட்டினார். சில வேளை காட்டவில்லை. காட்டாததை அவருடைய கவனக்குறைவு என்று எண்ணினேன். நானே எழுந்து நின்று, பந்து எவள் கையில் இருந்தது என்று பார்த்து, அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டேன். குற்றம் என்று ஒன்று நடந்தால் அது ஒரு பெயரில் ஏறியாக வேண்டும் அல்லவா? நடைபாதையில் மாட்டைக் கட்டியவனுக்கும் எங்கள் பதிவேட்டில் பெயர் உண்டு.

பந்து பெரும்பாலும் உன் மகள் கையில்தான் இருந்தது. ஆகவே கோடுகளும் அவள் பெயரில்தான் ஏறின. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் ஐந்தாம் கோடு விழுந்தது. ஐந்து ஆனால் வெளியே என்பது மட்டும் எனக்குத் தெரியும். மணியை அடித்தேன். ‘ஏழாம் எண், ஐந்து’ என்று உரக்கச் சொன்னேன். நடுவர் என் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். வசந்தா என்னைப் பார்த்தாள். ஒரு கணம் வாயைத் திறந்தாள். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்தொன்றுக்கு முப்பது என்று முத்தியால்பேட்டை தோற்றது.

அடுத்த நாள் காலை காப்பி குடிக்கையில் நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ‘சொந்தப் பெண் என்றும் பாராமல் வெளியே அனுப்பினேன். பாரபட்சம் என்பது என் பேனாவில் கிடையாது’ என்றேன். கமலம் டம்ளரை எடுத்துக்கொண்டு, ‘அவ மூஞ்சிய பாத்தீங்களா? பாரபட்சத்த அப்புறம் பேசலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 3, வெள்ளி. வசந்தாவின் தோழி லூர்து வந்தாள். அணியில் உயரமானவள், வாயும் அதற்கேற்ற நீளம். பன்னிரண்டு பெயர்களும் முந்தைய நாள் வெளியாகிவிட்டன என்றாள். லூர்துவின் பெயர் இருந்தது. வசந்தாவின் பெயர் இல்லை.

‘நல்லா ஆடுது, ஆனா அஞ்சு பவுல் பண்ற பொண்ணு, நிதானம் பத்தாதுன்னுட்டாங்க மாமா. நிதானமாம்! என்னிய எடுத்துட்டு அவளுக்கு நிதானம் பத்தாதாம்!’

நான் பெருமையோடு என் தாளின் பிரதியை எடுத்து வந்து காட்டினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிடமும் விவரமும் எழுதி வைத்திருந்தேன். லூர்து விரலை வைத்துப் படித்தாள். ‘இது இன்னா மாமா, பந்தோடு மூன்றடி நடந்தாள்? இது இன்னா, கூடைக்கடியில் அதிக நேரம் நின்றாள்?’

‘விசில் ஊதினாரே. குற்றந்தானே?’

‘குத்தந்தான். ஆனா யார இடிச்சா? காத்தயா?’

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘அத்த, இங்க கொஞ்சம் வாங்க’ என்று கமலத்தைக் கூப்பிட்டாள். கமலம் தேங்காயோடு வந்தாள். எங்கள் முற்றத்தில், உன் அக்கா தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க, லூர்து பக்கவாட்டில் வந்து தோளால் இடித்தாள்.

‘இதான் பவுல். நான் அத்தைய இடிச்சேன். எம்பேர்ல எழுதணும். கைய புடிச்சி இழுத்தாலும், தள்ளினாலும், வழிய மறிச்சி மோதினாலும் அப்டிதான். இப்ப அத்த பந்த தட்டாம எடுத்துக்கினு நடக்கறாங்க. நடங்க அத்த.’

‘எவ்ளோ தூரம்டி நடக்கறது?’

‘மூணு அடி போதும். விசில்! இப்ப யாருக்காச்சும் வலிச்சுதா? இல்ல. பந்த வாங்கி எதிர்ப் பக்கம் குடுத்துடுவாங்க. அதோட போச்சி. தட்டி நிறுத்திட்டு மறுபடி தட்டினாலும் அப்டிதான். கோட்டத் தாண்டினாலும், கூடைக்கடியில மூணு செகண்டுக்கு மேல குந்திக்கினு இருந்தாலும் அப்டிதான். அதுக்குப் பேரு வயலேஷன். யார் பேர்லயும் எழுத மாட்டாங்க மாமா.’

‘யார் பெயரிலுமா?’

‘யார் பேர்லயும்.’

தணிகாசலம், நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறரை வருத்தியது பெயரோடு நிற்கும். தானே கால் இடறியது பந்தைக் கொடுத்ததோடு தீர்ந்துபோகும். இப்படி ஒரு சட்டத்தை நான் என் நீதிமன்றத்தில் பார்த்ததில்லை. இதைத்தானே நீ ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு பதினேழு ஆண்டுகள் சொன்னாய்? விரல் காட்டாத நடுவர் கவனக்குறைவானவர் அல்லர். எழுத வேண்டியது ஒன்றுமில்லை என்பதே அவர் சொன்னது. சிவப்பு மையை எடுத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். இடித்தது ஒன்று, கையில் அடித்தது இரண்டு. ஆக மூன்று. உன் மகள் செய்தது மூன்றுதான்.

அன்று மாலை 5.30 மணிக்கு வசந்தாவை வரச் சொன்னேன். ‘உனக்கு மூன்றுதான் என்பது உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டேன்.

‘தெரியும் மாமா.’

‘அங்கேயே ஏன் சொல்லவில்லை?’

தாவணி முனையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். ‘மணி அடிச்சிட்டீங்க. எல்லாரும் ஒங்களையே பாத்தாங்க. நீங்க அந்தக் கண்ணாடிய கழட்டி, தொடச்சி, மறுபடி மாட்டிக்கினு, தாள அவங்ககிட்ட நீட்டினீங்க. அப்ப போயி இவரு எழுதினது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல.’

‘சென்னை?’

‘அது அடுத்த வருசமும் வருமில்ல?’

உன் சாயல் அவளுக்கு மூக்கில் மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதுப் பெண், ஒரு கிழவனின் முகம் கறுத்துவிடக் கூடாது என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘அய்யே, விடுங்க மாமா’ என்று அத்தையைத் தேடி உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு அது போதவில்லை.

நவம்பர் 4, சனி, காலை 10 மணிக்குத் தேர்வுக் குழுவின் தலைவரைப் போய்ப் பார்த்தேன். வாசலில் சிறிது நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் கையெழுத்திட்ட தாளைத் தவறு என்று நானே சொல்ல வேண்டிய நாள் அதற்குமுன் வந்ததில்லை.

‘ஆட்டம் முடிஞ்சி ஆறு நாள் ஆச்சிங்க. தாள்ல ஒங்க கையெழுத்துதான இருக்கு?’ என்றார்.

‘அதனால்தான் நானே வந்தேன். ஆட்டத்தின் முடிவை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு நிதானம் இல்லை என்று சொன்னீர்களாம். நிதானம் இல்லாதது எனக்கு.’

‘எழுதிக் குடுங்க, பாக்கலாம்.’

‘எழுதியே கொண்டு வந்திருக்கிறேன். மூன்று பிரதிகள்.’

அவர் படித்தார். ‘பொண்ணு ஒங்களுக்குச் சொந்தமோ?’ என்றார்.

‘என் மனைவியின் தம்பி மகள். மூன்றாம் பத்தியில் அதையும் எழுதியிருக்கிறேன்.’

மூன்றாம் பத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பட்டியலை எடுத்தார். பக்கத்தில் வசந்தாவைப் பற்றி எழுதியிருந்த குறிப்பைப் பேனாவால் அடித்தார். என் கண் எதிரில் அடித்தார், தணிகாசலம். ‘பன்னண்டும் நெறஞ்சிபோச்சி. ஆனா ஒரு பொண்ணுக்குக் கணுக்கால் பெசகியிருக்கு. பத்தொம்பதாந்தேதி ஒரு ஆட்டம் வெச்சிப் பாக்கறோம். இவளும் ஆடட்டும். எடுப்போம்னு சொல்லல.’

‘ஆடினால் போதும்’ என்றேன்.

பத்தொன்பது என்றால் வருகிற ஞாயிறு. மேசைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். வசந்தா ஒப்பவில்லை. ‘நீங்கதான் ஒக்காரணும் மாமா. இப்ப ஒங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?’ என்கிறாள். லூர்து, ‘பரீச்ச வெச்சிதான் விடணும்’ என்று சொல்லி, நேற்று மாலை பத்துக் கேள்விகளை எழுதிக் கொண்டுவந்தாள். எட்டு சரி. துள்ளியெழுந்து பந்தோடு கீழே இறங்குவது மீறலா, தவறா என்பதில் தடுமாறினேன். இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கோபப்பட்டிருப்பாயா? ‘பரவால்ல மாமா, இப்பயாச்சும் கேட்டீங்களே’ என்றிருப்பாயா? எது சொல்லியிருந்தாலும் இம்முறை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டிருப்பேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வசந்தா உண்மையாகவே ஐந்து தவறு செய்தால் ஐந்தையும் எழுதுவேன், மணியும் அடிப்பேன். நான்கு செய்தால் ஐந்தாவது கோடு என் பேனாவிலிருந்து வராது. சந்தேகம் வந்தால் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழுந்து நடுவரிடம் கேட்பேன். வெட்கப்பட மாட்டேன். அவள் சென்னைக்குப் போவதும் போகாததும் இனி அவள் ஆட்டத்தால் மட்டுமே ஆகும்.

உன் அக்காளைக் கைப்பிடித்தவனும், உன் மகளுக்கு மாமனுமான,
வே. சிங்காரவேலு.

இணைப்புகள்:

1. அக்டோபர் 29 ஆட்டத்தின் தாள், நான் எழுதியபடியே, பிரதி ஒன்று.
2. தேர்வுக் குழுவுக்கு நவம்பர் 4 அன்று கொடுத்த திருத்த மனு, மூன்றாம் பிரதி.
3. லூர்துவின் வினாத்தாள், என் விடைகளுடன்.
4. வசந்தா உனக்கு எழுதியது. உறையை ஒட்டித் தந்தாள். நான் பிரிக்கவில்லை.