மேஸ்திரியின் தூக்கில் கொண்டைக்கடலை

ஜூலை 9, செவ்வாய்

இந்த நோட்டு டாக்டர் லாவீனியா கொடுத்தது. என் புருஷன் ஒரோன்சோ வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு சாப்பிடுகிறான் என்று எழுதிவர வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

காலை: அரை டம்ளர் பால். மதியம்: ஒரு பீச் பழம். ராத்திரி: "வேண்டாம்."

முடிந்தது. மீதிப் பக்கத்தை என்ன செய்வது? நான் புலம்பிக்கொள்கிறேன்.

நுரையீரல் காய்ச்சலில் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பதினான்கு கிலோ இறங்கி வந்திருக்கிறான். இந்த ஊர்க் கல்லையெல்லாம் தோளில் சுமந்த மேஸ்திரி, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இதய வால்வை மாற்ற வேண்டும். ஆனால் ரத்தத்தில் புரதம் ஏறாமல் மார்பைத் திறக்க மாட்டார்களாம். ஆகஸ்ட் 26 அன்று மறுபடி ரத்தப் பரிசோதனை. அதற்குள் தேறவில்லையென்றால் அறுவை சிகிச்சைக்குக் கிடைத்த தேதி போய்விடும். "வால்வு அடுத்த தேதிவரை தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது, அம்மா" என்றார் டாக்டர்.

இறைச்சி கொதிக்கிற வாடை வந்தாலே குமட்டுகிறது அவனுக்கு. அதற்கு டாக்டர் சொன்ன வழி: பாஸ்தாவோடு கொண்டைக்கடலை, மசூர்ப் பயறு, முட்டை, சூரை மீன் சேர்த்து, ஆறவைத்து, சாலட் மாதிரி. பயறும் கோதுமையும் சேர்ந்தால் இறைச்சிக்கு ஈடாம். ஆறிப்போனால் வாடையும் இருக்காதாம்.

"வெந்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் ஒரு தரம் அலசிவிடுங்கள், சீக்கிரம் ஆறும்" என்றும் சொன்னார். படித்த பெண். ஆனால் வடக்கிலிருந்து வந்தவர். எங்கள் தெற்குப் பக்கம் பாஸ்தாவைக் கழுவுவதா? என் கை வராது.

ஜூலை 10

டாக்டர் சொன்னாரே என்று மசூர்ப் பயற்று மாவில் செய்த பாஸ்தா பாக்கெட் ஒன்று வாங்கினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கூழாகிவிட்டது. ஒரோன்சோ கரண்டியால் தூக்கிப் பார்த்தான்.

"பல்மீரா, இதை வெச்சு செங்கல் ஒட்டலாம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கிண்டல். சாப்பிடவில்லை என்பது வேறு.

ஜூலை 12, வெள்ளி

இன்று முறையாகச் செய்தேன். நேற்றே ஊறவைத்த கடலை, நல்ல திருகு பாஸ்தா, தக்காளி, முட்டை. பாஸ்தாவைத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆறவைத்தேன். கழுவவில்லை!

ஒரு வாய் வைத்தான். கரண்டியைக் கீழே போட்டான்.

"சில்லுனு இருக்கு."

"ஆறவெச்சதுடா, அப்படித்தான் இருக்கும்."

"கடற்கரைக்குப் போனா ஆறினதைத் திங்கலாம். வீட்ல ஆறினது எப்பத் தின்போம்? நீயே சொல்லு."

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். அக்கம்பக்கத்தார் தட்டில் துணி மூடிச் சாப்பாடு கொண்டுவருவார்கள். அது ஆறித்தான் வரும். வேறெந்த நாளிலும் மேசைக்கு வருவது ஆவி பறக்க வேண்டும்.

"நான் இன்னும் போகலடி" என்றான். சத்தமாகக்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

எதிர்வீட்டு சேசரியா மதியம் ஒரு பெரிய தட்டோடு வந்தாள். இருபத்தாறு வருஷமாக எதிரெதிர் பால்கனியில் நின்று கத்திப் பேசுகிறோம், எனக்கு அவள் சொந்தக்காரி மாதிரி. ஒரோன்சோ சாப்பிடுவதில்லை என்று நான்தான் அவளிடம் அழுதிருந்தேன். தட்டின் மேல் சிவப்புக்கரை போட்ட வெள்ளைத் துணி. பாவி மகள், ஈ மொய்க்காமல் இருக்கத்தான் மூடினாள்.

ஒரோன்சோ பார்த்தான். மூடிய தட்டு. முகம் வெளுத்துவிட்டது.

"யார் செத்தா இங்க?"

"அய்யோ, ஒரோன்சோ, பாஸ்தாவும் கடலையும்தான்..." சேசரியா துணியை உருவி நாற்காலி மேல் போட்டாள்.

"எடுத்துட்டுப் போ. துணி மூடின தட்டு என் வாசலைத் தாண்டக் கூடாது. நான் போனப்புறம் கொண்டா, அப்ப வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

கொண்டுவந்த தட்டைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்புவது இங்கே செவிட்டில் அறைவதற்குச் சமம். சேசரியா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். துணி எங்கள் நாற்காலி மேலேயே கிடந்தது.

நான் ஏன் அவள் பின்னால் ஓடவில்லை? ஏன் மரம் மாதிரி நின்றேன்?

ஜூலை 15

சேசரியாவின் பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறது. அவள் அப்பா தொனாத்தோ மட்டும், தொண்ணூற்றொரு வயதுக்காரர், வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து "ஒரோன்சோ எழுந்துட்டானா?" என்று கத்தினார். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

ஜூலை 19

ஐம்பத்தேழு கிலோ. போன வாரம் ஐம்பத்தெட்டு.

ஜூலை 23, செவ்வாய்

பொம்பீலியோ வந்தான். பதினெட்டு வருஷம் ஒரோன்சோவிடம் வேலை பார்த்தவன், இப்போது தனியாகக் கட்டிட வேலை எடுத்துச் செய்கிறான். உட்காரவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மேஸ்திரி, நட்சத்திர வடிவத்துல கல் வளைவுக் கூரை ஒண்ணு போடறேன். நடுவுல வந்து நிக்குது, கோணம் சேரல. நீங்க கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாப் போதும்."

"பதினெட்டு வருஷம் என்னத்தடா கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன். தப்பு உங்க பேர்லயும் இருக்கு."

ஒரோன்சோ சிரித்தான்! நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இதயம் இப்படி இருக்கையில் வெயிலில் என்ன கூரை? டாக்டருக்குப் போன் செய்தேன். நிழலில் உட்கார்ந்தால், படி ஏறாமல் இருந்தால் போகட்டும் என்றார்.

ஜூலை 24

காலை எட்டு மணிக்கு பொம்பீலியோ வண்டியில் அழைத்துப்போனான். மதியம் ஒரு மணிக்குத் திரும்பினார்கள். ஒரோன்சோ நேராகக் கட்டிலில் விழுந்தான். எனக்கு உயிர் போய் வந்தது.

"என்ன பண்ணுது? டாக்டரைக் கூப்பிடவா?"

"வயிறு முட்ட இருக்குடி. கொஞ்சம் தூங்க விடு."

வயிறு முட்ட! நான் பொம்பீலியோவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மதியம் எல்லோரும் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்களாம். இவன் தன் தூக்கிலிருந்து பாதியை மூடியில் போட்டு நீட்டினானாம். பாஸ்தா, கொண்டைக்கடலை, எல்லாம் ஆறினது. ஒரோன்சோ மூடியைக் காலிசெய்துவிட்டு, தூக்கையும் வாங்கிக் காலிசெய்தானாம்.

ஆமாம், நான் எப்படி இதை மறந்தேன்? முப்பத்தைந்து வருஷமாக என் கையாலேயே அலுமினியத் தூக்கில் ஆறின பாஸ்தா கட்டிக் கொடுத்தேனே! கொத்தனார் கல் மேல் உட்கார்ந்து திங்கிற சாப்பாடு எப்போதும் ஆறினதுதான். அது உழைக்கிறவன் சாப்பாடு. மேசையில் வைத்தால் சாவுச் சாப்பாடு, தூக்கில் வைத்தால் வேலைச் சாப்பாடு. நான் மண்டு.

கடவுளே, உனக்குக் கோடி நன்றி. தூக்குக்கும் நன்றி.

ஜூலை 26

பொம்பீலியோவின் பெண்டாட்டி எப்படிச் செய்கிறாள் என்று கேட்கப் போனேன். அவன் காதைச் சொறிந்தான். வானத்தைப் பார்த்தான்.

"அது... அவ செய்யலீங்க."

"பின்ன யாரு? நீயா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. சேசரியாம்மா."

எல்லாமே அவள் வேலைதான். தட்டைத் திருப்பி அனுப்பினோமே, அந்த வாரமே பொம்பீலியோ வீட்டுக்குப் போயிருக்கிறாள். "அந்தக் கழுதை வீட்ல திங்க மாட்டான், வேலை செய்யற இடத்துல தின்பான்" என்று சொல்லியிருக்கிறாள். வளைவுக் கூரையில் எந்தக் கோணலும் கிடையாது. பொம்பீலியோ கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவான். விடிகாலையில் தூக்கை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று.

அங்கேயிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். என்ன பேசுவதென்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"சரி சரி, என் சட்டையெல்லாம் நனையுது. அவன்கிட்ட சொல்லிடாத. சொன்னா ரோஷம் வந்து மறுபடி வாயை மூடிப்பான்."

பிறகு, "நீ பாஸ்தாவை எப்ப வடிக்கற?" என்று கேட்டாள்.

"பல்லுல நிக்கற பதத்துல. எப்பவும் போல."

"அடி அசடே, அது சூடா திங்கறதுக்கு. ஆறினா கல்லு. இன்னும் ரெண்டு நிமிஷம் விடு."

நாற்பது வருஷமாகப் பாஸ்தா வடிக்கிறேன், கை தானாகப் பழக்கத்தில் வடித்துவிட்டிருக்கிறது.

அவள் சொன்னதை இங்கேயே எழுதி வைக்கிறேன். கடலையை முந்தின நாளே ஊறப்போடு. பிரியாணி இலை போட்டு வேகவை. உப்பு கடைசியில், அதுவும் கொஞ்சம்தான். வெந்ததில் பாதியை எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விட்டு நன்றாக மசித்துவிடு. அதுதான் குழம்பு. பாஸ்தாவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், கடலையை ஒதுக்குகிறவனுக்கும் தெரியாது. மீதிக் கடலை, வெந்த மசூர்ப் பயறு, முட்டை, சூரை மீன். வெங்காயத்தை வினிகரில் ஊறவைத்துப் பிழி. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடு. கடைசியாகப் புதினா, கிள்ளித்தான் போட வேண்டும், நறுக்கக் கூடாது.

போகும்போது தன் தொட்டியிலிருந்து வேரோடு ஒரு புதினாக் கொத்தையும் பிடுங்கிக் கொடுத்தாள். துணியைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும், எங்க போகப்போகுது" என்றாள்.

ஆகஸ்ட் 6

இப்போது தினமும் நான்தான் தூக்கைக் கட்டுகிறேன். பரணிலிருந்து அவனுடைய பழைய தூக்கை இறக்கித் தேய்த்தேன், அடியில் நசுங்கியது இன்னும் அப்படியே இருக்கிறது. பொம்பீலியோ வாரத்துக்கு நான்கு நாள் அழைத்துப்போகிறான். அந்தக் கூரைக்குத் தினம் ஒரு புதுக் கோணல் கண்டுபிடிக்கிறான், பாவம். "இவனை எவன் மேஸ்திரின்னு சொன்னான்!" என்று ஒரோன்சோ திட்டிக்கொண்டே வருகிறான். தூக்கு காலி. மீதி நாளில் வீட்டுப் பின்சுவர் மேல் உட்கார்ந்து அதே தூக்கில் சாப்பிடுகிறான். மேசைக்குக் கூப்பிடுவதில்லை நான்.

ஐம்பத்தொன்பதரை.

ஆகஸ்ட் 15

கோடைத் திருநாள் விடுமுறை, ஊரே கடற்கரையில். எங்கள் குடைக்குக் கீழே சேசரியாவும் தொனாத்தோவும். எல்லோர் கையிலும் ஆறின பாஸ்தா, யாரும் சாகவில்லை.

சேசரியாவும் ஒரோன்சோவும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் தர்ப்பூசணி வெட்டி முதல் துண்டை அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்ட் 27

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "போதும். தேதியை உறுதி செய்கிறேன். என்ன செய்தீர்கள், அம்மா?" என்றார்.

"கடலை" என்றேன்.

நோட்டைக் காட்டுங்கள் என்றார். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று பொய் சொன்னேன். வடக்கிலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறேனே!

செப்டம்பர் 4

அறுவை சிகிச்சை ஐந்தரை மணி நேரம். பொம்பீலியோ என் ஒரு பக்கம், சேசரியா இன்னொரு பக்கம். கடைசியில் சர்ஜன் வந்து தலையாட்டினார். நல்லபடியாக முடிந்தது.

நன்றி. நன்றி. நன்றி.

செப்டம்பர் 16

வீட்டுக்கு வந்துவிட்டான். படுக்கையில் சாய்ந்ததும் முதல் கேள்வி: "பொம்பீலியோ கூரையை மூடிட்டானா?"

நவம்பர் 20, புதன்

தொனாத்தோ விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நேற்றுக்கூடப் பால்கனியிலிருந்து "ஒரோன்சோ எழுந்துட்டானா?" என்று கேட்டார்.

காலையில் கொஞ்ச நேரம் சேசரியாவோடு இருந்துவிட்டு, பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற என் வேலைக்குப் போய்விட்டு, மதியம் வீட்டுக்கு வந்தேன். ஒரோன்சோ அடுப்படியில் நிற்கிறான். கல்யாணமான நாளாக நான் இதைப் பார்த்ததில்லை. எங்களுக்காக நேற்று நான் ஊறப்போட்டிருந்த கடலையை வேகவைத்துக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தான். முட்டை உரித்திருந்தான், பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போயிருந்தது. பாஸ்தாவை வடித்து, நேராகக் குழாய்க்குக் கீழே பிடித்தான். "ஐயையோ" என்றேன்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லாத" என்றான் திரும்பாமலே.

புதினாவைக் கிள்ளிப் போட்டான். பெரிய தட்டில் கொட்டினான். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தச் சிவப்புக்கரைத் துணியை எடுத்து மேலே மூடினான், நான்கு மூலையும் இழுத்துச் சரிசெய்தான்.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது.

"ஒரோன்சோ, ஒண்ணு சொல்லணும். முதல் நாள் பொம்பீலியோ தூக்குல நீ சாப்பிட்டியே, அது..."

"சேசரியா செஞ்சது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாயிலேயே. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடறவ இந்தத் தெருவுலயே ஒருத்திதான்."

"தெரிஞ்சேவா சாப்பிட்ட?"

துணியின் கரையைத் தடவினான். "வேணாம்னு மூஞ்சில அடிச்சு அனுப்பினேன். அதையே மறுபடி செஞ்சு, மறைச்சு அனுப்பியிருக்கா. அதையும் திருப்பினா நான் என்ன மனுஷன்டி?"

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தான். சுவரைப் பிடிக்கவில்லை. நான் பின்னால் போனேன்.

சேசரியா கறுப்பு உடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு குளிர்ந்திருந்தது. தட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளே துணியை விலக்கி ஒரு பாஸ்தாவை எடுத்து வாயில் போட்டாள்.

"கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்" என்றான் ஒரோன்சோ.

சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள், காலையிலிருந்து அவள் அழவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

மூன்று நாளும் நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டான். இப்போது நாளைக்கு வேண்டிய கடலையை ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறான்.