இன்னும் நூற்றுப்பத்து பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

மழை, விட்டு விட்டு. மாடியில் துணி இரண்டாவது நாளாகக் காயவில்லை.

கடிதம் வந்துவிட்டது! ஆவணக் காப்பகம், உதவியாளர், ஒரே ஒரு இடம். 17ஆம் தேதி திங்கள், காலை பத்தரை. அசல் சான்றிதழ்கள், போட்டோ இரண்டு. வயது வரம்பு முப்பத்தைந்து. ஜனவரி வந்தால் எனக்கு முப்பத்தாறு. ஆக, இதுதான் முதலும் கடைசியும். அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. முடித்துவிட்டு எட்டு வருஷமாக முத்தியால்பேட்டை மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். போதும் சாமி.

'நேர்முகத் தேர்வு' என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கும். இனி நே.தே.

பார்க்க வேண்டியவை: ஊர் வரலாறு (கவர்னர்கள் வரிசை எப்போதும் குழப்பம்). பிரெஞ்சு, வாய்விட்டு. பள்ளிக்கூடத்தோடு விட்டது. பழைய தாள்களைப் பாதுகாக்கும் முறை. வெந்தயக் கலர் சேலைக்கு ஃபால்ஸ்.

முக்கியமான வேலை ஒன்று செய்தேன். சண்டே மார்க்கெட்டில் வாங்கிய நாவல். நம் ஊர்க் கோட்டையை இங்கிலீஷ்காரன் வளைத்த காலத்துக் கதை. 212ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன். இன்னும் நூற்றுப்பத்து பக்கம். அது வீட்டில் இருந்தால் நான் கவர்னர்களைத் தொடவே மாட்டேன். இவரிடம் கொடுத்துவிட்டேன், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுது பார்க்கிற இவருடைய ஷெட்டில் வைத்துப் பூட்டச் சொல்லி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த மனுஷன் புத்தகம் கையில் வைத்து நான் பார்த்ததில்லை. அவரைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்காது.

"இதுல இன்னா இருக்குதுன்னு இப்டி பயப்படுற?"

"பதினேழு வரைக்கும் கேட்டாலும் குடுக்காதீங்க."

"அழுதா?"

"அழுதாலும்."

"கால்ல வுழுந்தா?"

"அய்ய, போங்க."

நவம்பர் 6, வியாழன்

வெயில். ஆச்சரியம்.

கடையில் கூட்டமில்லாத நேரம் சுமதி கேள்வி கேட்டாள். என்னோடு கவுன்டரில் நிற்கிற பெண், வாய் ஜாஸ்தி. 'உங்கள் பொழுதுபோக்கு?' வாசிப்பு என்றேன். 'என்ன வாசிப்பீங்க?' வரலாறு, நாவல் என்றேன்.

"நாவல்னு சொல்லாதக்கா. வேலை வெட்டி இல்லாதவன்னு நெனச்சிப்பாங்க. வரலாறுன்னு நிறுத்திக்க."

சர்க்கரை மாத்திரைக்கு நின்றிருந்த பெரியவர், அந்தக் கால பிரெஞ்சு பட்டாளத்து ஆள், உள்ளே புகுந்துவிட்டார். "அதெல்லாம் வேணாம்மா. நொழைஞ்சதும் பிரெஞ்சுல போன்ழூர்னு வணக்கம் சொல்லு. வாயக் குவிச்சி சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்." சொன்னேன். மாத்திரை வாங்க வந்த நாலு பேரும் பார்த்துச் சிரித்தார்கள். மானம் போச்சு.

சுமதி சொன்னது மனசில் உறுத்துகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? யார் ஜெயித்தான், யார் ஓடினான் என்று வரலாறு சொல்லிவிடும். அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லாது. அது தெரியாமல் எனக்கு ஆறாது. அதற்குத்தான் நாவல். ஒன்றைப் படித்தால் மற்றதற்கு ஏங்குகிறேன்.

நாவலில் பூங்காவனம் என்ற பெண் இப்போது என்ன செய்கிறாளோ. கைக்குழந்தையோடு கோட்டை வாசலில் நிற்கும்போது விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு. மூன்று நாளாகப் படகு எதுவும் போகவில்லை. மீன் இல்லை. கத்தரிக்காய்க் காரக்குழம்பு.

சாப்பிடும்போது இவர் சாதாரணமாக, "அந்த பூங்காவனம் கீறா பாரு, பெரிய கெட்டிக்காரி" என்கிறார்.

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எந்த பூங்காவனம்?"

"உன் புக்கு பூங்காவனம்தான். ஷெட்ல வேலை இல்ல, மழை வேற. சும்மா பெரட்டினேன்."

சும்மா பிரட்டியவர் 140ஆம் பக்கத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்ட மனுஷன், 'ரெண்டு பக்கம் படிச்சா தூக்கம் வருது' என்று என்னைக் கேலி செய்தவர். எனக்குப் பொறாமை. அப்பட்டமான பொறாமை. கூடவே வேறு ஏதோ, சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். கேட்க வாய் வரை வந்தது, 'புக்கைக் கொண்டாங்க'. அடக்கிக்கொண்டேன். கவர்னர்கள் வரிசையில் இன்றும் ஆறாவது ஆளிடம் தடுக்கி விழுந்தேன்.

நவம்பர் 12, புதன்

தூறல். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பிரெஞ்சுப் பத்தி ஒன்று மனப்பாடம். இவர் ஷெட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். சட்டையில் டீசல் வாடை. உட்காரவில்லை.

"ஏய், இன்னா ஆச்சு தெரியுமா?"

"சொல்லாதீங்க. நான் இன்னும் அங்க வரல."

"இத மட்டும் கேளு. உள்ள சோறு இல்லன்னு பிரெஞ்சுக்காரன் ஊரு ஜனத்தயெல்லாம் கோட்டைக்கு வெளிய தள்ளிட்டான். வெளிய இங்கிலீஷ்காரன், அவனும் வழி வுடமாட்டேங்கிறான். நடுவுல கெடக்குதுங்க, புல்லப் புடுங்கித் தின்னுகினு."

"அது தெரியும். வரலாத்துலயே இருக்குது."

"இது தெரியுமா? தெனம் காலைல பூங்காவனம் மதிலாண்ட வந்து நிப்பா. ராத்திரி செத்தவங்க பேரப் பேர் பேராக் கூவுவா. இன்னார் மவன் இன்னான், இந்தத் தெருன்னு. மேல ஒரு கணக்கப்புள்ள, அவனும் நம்ப ஆளுதான், குனிஞ்சி குனிஞ்சி எழுதிக்குவான்."

துறைமுகத்தில் காலையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஒரு கையில் கத்தி, இன்னொன்றில் அவரைக்காய்.

"அந்த லிஸ்ட்டு எங்க போயிருக்கும்? உங்க ஆபீஸ்லதான் இருக்கணும். வேலைக்குப் போன மொத நாளே அதத் தேடு."

'உங்க ஆபீஸ்' என்றார். அதற்கப்புறம் பிரெஞ்சு ஓடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. கடைக்குப் போகும் வழி அதுவல்ல. ஆனாலும் காப்பகம் இருக்கும் தெருவழியாக வண்டியை விட்டேன். எதிர்ப்புறம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல்கள். மேல் மாடியில் ஒரு பெண் பழைய தாள் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி.

எம்.ஏ. கட்டுரைக்காக ஒரே ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். பழுப்புத் தாள் ஒன்றைக் கொடுத்து, 'தொடாம பாருங்க' என்றார்கள். தொடுகிற ஆளாக நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. காலை ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே போய், மேசை விளக்கைப் போட்டு, ஒரு கட்டைப் பிரித்து. கடவுளே, இதைத் தவிர இந்த வருஷம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

காவல்காரர் யார் வேணும் என்று சைகையில் கேட்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சேலை தயார். சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில். கால் விரலில் ஏனோ வலி.

கடைசித் திருப்புதல், ஒரு வரி ஒரு வரியாக: முற்றுகை. உள்ளே பஞ்சம். ஊரார் வெளியேற்றம். இரண்டு படைக்கும் நடுவில் பல நாள். இறந்தவர் பெயர்ப் பட்டியல். பிறகு கோட்டை விழுந்தது. பூச்சிக்கு வேப்பிலை அல்ல, காற்றோட்டம் (இதைக் கேட்பார்கள்).

"புக்கு வேணுமா? நான் முடிச்சிட்டேன்" என்றார் இவர், பல்லைக் காட்டிக்கொண்டு. நாளைக்கு என்றேன். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார், சினிமா சாமியார் மாதிரி.

நவம்பர் 17, திங்கள்

மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா, அவர்தான் தலைவர். ஒரு பக்கம் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் ஒருவர். இன்னொரு பக்கம் ஃபைல்காரர்.

போன்ழூர் சொன்னேன், வாயைக் குவித்து. பெரியவர் முகம் மலர்ந்தது. தாள் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தடுமாறினேன், ஆனால் படித்துவிட்டேன். ஈரம், பூச்சி, காற்றோட்டம், எல்லாம் சொன்னேன். அந்த அம்மா இரண்டு தடவை தலையாட்டினார். நன்றாகப் போகிறது என்று எனக்கே தெரிந்தது.

"நம்ம ஊர் வரலாற்றிலே உங்களை ரொம்பப் பாதிச்ச ஒண்ணைச் சொல்லுங்க."

முற்றுகையைச் சொன்னேன். மடமடவென்று வந்தது. வெளியே தள்ளப்பட்ட ஜனங்கள், புல், மழை. தினம் காலையில் இறந்தவர்கள் பெயரை மதிலுக்குக் கீழே வந்து சொல்வார்கள், மேலே கணக்கப்பிள்ளை ஒருவர் எழுதி வைத்தார், அந்தப் பட்டியல்தான் என்னை உலுக்கியது என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தார். பெரியவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"பேர்ப் பட்டியலா? ஜனங்களோட பேரா? எங்கே பார்த்தீங்க? எந்தத் தொகுதி?"

அந்த அம்மா கேட்ட விதம் பரீட்சைக் கேள்வி மாதிரி இல்லை. பசித்தவர் கேட்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அந்தத் தாள்களோடு இருந்தும் அவருக்குக் கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நம்பிவிட்டார். வாயைத் திறந்தேன். அவரைக்காய் ஞாபகம் வந்தது. டீசல் வாடை ஞாபகம் வந்தது.

"அது... நாவல்ல வர்றதும்மா. வரலாறு இல்ல. கலந்துடுச்சு. மன்னிச்சிடுங்க."

பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"இந்த வேலையிலே செய்யக் கூடாதது அது ஒண்ணுதாம்மா" என்றார், மெதுவாக.

நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். வெளியே வந்து வண்டிச் சாவி தேடி ஐந்து நிமிஷம். சாவி கையிலேயே இருந்தது.

எப்படிப் போச்சு என்று வீட்டில் இவர் கேட்டார். நல்லாதான் கேட்டாங்க என்றேன்.

நவம்பர் 19, புதன்

கடைக்கு லீவ். காய்ச்சல் என்று பொய். மழை.

நூற்றுப்பத்து பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். பக்க ஓரங்களில் இவருடைய கட்டைவிரல் கறை, கறுப்பாக. பூங்காவனம் கூவுகிற இடத்தில் கறை அதிகம்.

கடைசியில் ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். முற்றுகை நடந்தது, ஜனங்களைத் துரத்தியது நடந்தது. பூங்காவனமும் பட்டியலும் அவர் கற்பனை. வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் பெயராவது கிடைக்காதா என்று வருஷக்கணக்கில் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லையாம். அதனால்தான் கூவ வைத்தேன் என்கிறார்.

பூட்டி வைக்காமல் படித்திருந்தால் இந்த இரண்டு பக்கமும் மண்டையில் ஏறியிருக்கும். நே.தே.க்காக நாவலை ஒதுக்கினேன், அது வரவேண்டிய வழியை விட்டு இவர் வாய் வழியாக வந்துவிட்டது. சிரிப்பும் வருகிறது. அழுகையும்.

இவர் அந்த இரண்டு பக்கத்தைப் படிக்கவில்லை. கறை இல்லை.

நவம்பர் 26, புதன்

மேகமூட்டம். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபோனில் முடிவு வந்தது. ஒரு பெயர். என் பெயர் இல்லை. தெரிந்ததுதான், இருந்தாலும் மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம், "ஏன்? அந்த லிஸ்ட்டப் பத்தி கேட்டாங்களா? நான் சொன்னேனே, அத சொன்னியா?"

முகத்தைப் பார்த்தேன். இந்த ஒன்றரை வாரத்தில் சண்டே மார்க்கெட்டில் அவரே போய்ப் பொறுக்கி இரண்டு புத்தகம் வாங்கியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் இனி எதையும் திறக்க மாட்டார். எனக்குத் தெரியும் இவரை.

"அதெல்லாம் கேக்கவே இல்லங்க. வயசு கம்மியா ஒரு பொண்ணு வந்திருந்தா. அவளுக்குக் குடுத்துட்டாங்க."

"கேட்டிருந்தா உனக்குத்தான்" என்றார். ஆமாம் என்றேன்.

"போவட்டும் வுடு. வேலைல இல்லாதவங்கள உள்ள வுடுவாங்களா? நாம ரெண்டு பேரும் ஒரு நாளு போயி அந்தப் பேருங்களப் பாத்துட்டு வரலாம்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது. எனக்கு சமைக்கத் தெம்பிருக்காது என்று பரோட்டா வாங்கப் போயிருக்கிறார்.

இப்போதெல்லாம் எது கிடைத்தாலும் படிக்கிறார். மருந்து டப்பாவில் மடித்து வைத்த தாளைக்கூட விடுவதில்லை. இந்த நோட்டை எங்கே வைப்பேன்? பீரோ சாவி இவரிடம். அரிசி டிரம்? கிழித்துப் போட்டுவிடலாம், ஆனால் நடந்தது நடந்தபடி எழுதியிருப்பது இது ஒன்றுதான்.

தெருவில் இவர் வண்டிச் சத்தம்.